என் நிச்சயதார்த்தத்தன்று விழுந்த புரோகிராம்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு, பிழை பிடிப்பது எப்படி என்று நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அதைக் கற்றுத்தர உங்களுக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் என் நிச்சயதார்த்தக் கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பிழையும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. எங்கள் முதலாளிக்குப் பழனிப் பக்கம் பஸ் கம்பெனி, டிப்போ பாலசமுத்திரத்தில். எந்த பஸ்ஸை எந்த நாளில் எந்த டிரைவர் ஓட்டுவது என்று டூட்டி சார்ட் போட ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாமே என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். வெளிநாட்டில் யாரோ ஓட்டிக் கழித்த ஒரு மினி கம்ப்யூட்டரை அவரும் வாங்கிவிட்டார். மினி என்றால் இரண்டு பீரோ அளவு. வாங்கிய பிறகுதான் அதற்கு ஏசி அறை வேண்டும் என்று சொன்னார்கள். சீசனுக்கு மட்டும் திறக்கிற பங்களா ஒன்று முதலாளிக்குக் கொடைக்கானலில் சும்மா பூட்டிக் கிடந்தது. "அங்க காத்தே ஏசிதானப்பா" என்று சொல்லி, மிஷினை லாரியில் கட்டி மலைக்கு ஏற்றிவிட்டார்.

ஏசியை மிச்சம் பிடித்தவர் மேகத்தை மறந்துவிட்டார். ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்தால் ஈரத்தில் மிஷின் மக்கர் பண்ணும். அதனால் யார் முதலில் பார்த்தாலும் "மேகம்" என்று குரல் கொடுக்க வேண்டும். எல்லாரும் எழுந்து ஓடி ஜன்னல்களைச் சாத்த வேண்டும். ஈரத்தை இழுப்பதற்காக மிஷினைச் சுற்றித் தட்டுத் தட்டாக அடுப்புக்கரி பரப்பியிருக்கும். அந்தக் கரி என் புடவை ஓரத்தில் படாத நாளே கிடையாது. ஆனாலும் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக நான் பிறகு எந்த ஆபீசிலும் வேலை பார்க்கவில்லை.

மொத்தம் மூன்று பேர்தான். சென்னையில் படித்துவிட்டு வந்த எங்கள் சீஃப். ஆயக்குடி முத்துச்சாமி, திங்கட்கிழமை ஊரிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு பை கொய்யாப்பழம் கொண்டுவருவான். பிறகு நான். கொடைக்கானல்காரி, கணக்கில் பட்டம் வாங்கியவள். அப்பா மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றின் பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். "எம் பொண்ணு கம்ப்யூட்டர்ல இருக்கா" என்று அவர் சொல்லித் திரிந்ததில், நான் அந்தப் பீரோவுக்குள்ளேயே குடியிருக்கிறேன் என்று சிலர் நினைத்திருந்தார்கள்.

இப்போது தொழில் விஷயம், கொஞ்சமே கொஞ்சம். புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது பாதியில் விழுந்துவிட்டால், மிஷின் காரணம் எதுவும் சொல்லாது. ஓர் எண்ணை அச்சடித்துவிட்டுச் சும்மா நின்றுவிடும். தன் ஞாபகத்துக்குள் எந்த இடத்தில் விழுந்தது என்பதற்கான முகவரி அது. நாம் எழுதிய வரிகளில் அது எந்த வரி என்று தெரிய வேண்டுமே, அதற்கு அடுக்கடுக்கான தாள்களை விரித்துப் போட்டு விரல் வைத்துத் தேட வேண்டும். இதில் அலுத்துப்போய் சீஃப் ஒரு சின்ன கருவி எழுதினார். பெயர் 'எங்கே'. அந்தப் பெயரையும் பக்கத்தில் முகவரியையும் தட்டினால் போதும், இன்ன ஃபைலில் இன்ன வரி என்று காட்டிவிடும். இன்று உங்களிடம் அந்த வேலைக்கு விதவிதமான கருவிகள் இருக்கின்றன. எங்களுக்கு அது அதிசயம். முதல் நாள் வேண்டுமென்றே எண்களைக் கொடுத்துக் கொடுத்து மூன்று பேரும் வேடிக்கை பார்த்தோம்.

சீஃப் அதோடு விட்டிருக்கலாம். எங்கள் புரோகிராமில் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் எழுதியவர் இனிஷியலைப் போடுவது வழக்கம். அதையும் எடுத்துக் காட்டும்படி 'எங்கே'யை மாற்றினார். வரி எண்ணுக்குப் பக்கத்தில் பெயரும் வந்தது. அப்புறம் ஒரு சட்டமும் வந்தது: 'எங்கே' யார் பெயரைச் சொல்கிறதோ அவர் எல்லாருக்கும் டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் வாங்கித் தர வேண்டும், பிழையைச் சரிசெய்யும் வரை நாற்காலியை விட்டு எழக்கூடாது. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. ஆறு மாதத்தில் யாரும் வரியைப் பார்ப்பதே இல்லை, பெயரைத்தான் பார்த்தோம். பெயர் வந்ததும் மற்ற இரண்டு பேரும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து பஜ்ஜிக்குக் காத்திருப்போம்.

எனக்கு நிச்சயதார்த்தம் குறித்தார்கள். தைப்பூசத்துக்கு முந்திய சனிக்கிழமை, மத்தியானம், எங்கள் வீட்டில். மாப்பிள்ளை வத்தலக்குண்டில் தபால் ஆபீஸ் கிளார்க். நானும் முழு நாள் லீவு கேட்டிருக்கலாம். ஆனால் தைப்பூசம் என்றால் பழனிக்கு ஸ்பெஷல் பஸ்கள், ஸ்பெஷல் பஸ் என்றால் புது டூட்டி சார்ட். சார்ட் அன்று மத்தியானம் கீழே இறங்கும் பஸ்ஸில் டிப்போவுக்குப் போயாக வேண்டும். காலையில் வெள்ளனே போய் ஓட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிக் கிளம்பினேன். கையில் மருதாணி, தலையில் ஸ்வெட்டர் தொப்பி.

புரோகிராம் ஓடியது. பாதியில் விழுந்தது. முத்துச்சாமி முகவரியைத் தட்டினான். 'எங்கே' சொன்ன பெயர் எஸ்தர். நான்தான்.

"போச்சு. கல்யாணப் பொண்ணு கையால பஜ்ஜி" என்றான் முத்துச்சாமி.

நான் அந்த வரியைப் பார்த்தேன். எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டு என்கிற வரி. அவ்வளவுதான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரலை மடக்குகிற வேலை. அதில் விழுவதற்கு என்ன இருக்கிறது?

"சார், இந்த வரியில ஒண்ணும் இல்ல" என்றேன்.

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவோம்" என்றார் சீஃப், சிரித்துக்கொண்டே. "அந்த வரியைத் தூக்கிட்டு ஓட்டிப் பாரு."

தூக்கினேன். மறுபடி ஓட்டினோம். மறுபடி விழுந்தது. இந்தத் தடவை 'எங்கே' காட்டியது அதற்கு அடுத்த வரியை. அதுவும் நான் எழுதியது, அதுவும் ஒரு பச்சைப்பிள்ளை வரி.

சீஃபுக்குச் சிரிப்பு குறைந்தது, கவலை வந்தது. மணியைப் பார்த்தார், என் மருதாணிக் கையைப் பார்த்தார். நல்ல மனுஷன். "எஸ்தர், இன்னிக்குச் சட்டம் எல்லாம் வேண்டாம். நீ வீட்டுக்குப் போ. உன் பிழையை நாங்க ரெண்டு பேரும் பாத்துக்குறோம்" என்றார்.

அந்த 'உன் பிழை'தான் என்னைக் கிளறிவிட்டது. அதுவரை எழுந்து போகத்தான் இருந்தேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு குணம்: செய்த தப்புக்கு எத்தனை அடி வேண்டுமானாலும் வாங்கிக்கொள்வேன், செய்யாததற்கு ஒரு சொல் பொறுக்கமாட்டேன். அம்மா இதைத் திமிர் என்பாள். பரிவாகப் பேசுகிறவரிடம் கோபப்படுவது கஷ்டம், ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது.

"நான் போகல சார். இது என் பிழையில்ல. அது யாரோடதுன்னு தெரிஞ்சப்புறம் போறேன்."

"ஏலே எஸ்தரு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து கெடக்காங்கல்ல" என்றான் முத்துச்சாமி. பதறினால்தான் என்னை அவன் ஏலே என்பான்.

நான் உட்கார்ந்துவிட்டேன். சார்ட் இறங்கவில்லையென்றால் டிப்போவில் குழப்பம், வீட்டில் மாப்பிள்ளை வீட்டார், இங்கே என் பெயர். எல்லாரும் அந்தக் கருவியைப் பார்த்தார்கள். எனக்கு என்னவோ அதன் மேலேயே சந்தேகம் வந்தது. முதலில் ஒரு வரியைச் சொன்னது. அதை எடுத்ததும் அந்த இடத்துக்கு வந்த வரியைச் சொல்கிறது. அப்படியென்றால் அந்த இடத்தில் யார் நின்றாலும் அவர்தான் குற்றவாளியா?

இந்த நேரத்தில் அப்பா வந்துவிட்டார். பேக்கரியில் மாவு பிசையும் கைகள் அவருக்கு, அன்றைக்கு வெள்ளைச் சட்டை, புது வேட்டி. "பாப்பா, அவுக பலகாரம் சாப்பிட்டாச்சு. பொண்ணு எங்கன்னு கேக்குறாக. வெரசா வா" என்றார். அரை மணி நேரம் என்று சொல்லி அனுப்பினேன். போனவர் அரை மணிக்குள் திரும்பி வந்தார், தனியாக அல்ல. முன்னால் வந்தது என் வருங்கால மாமியார்.

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்று அறையை ஒரு சுற்றுப் பார்த்தார்கள். பீரோ மிஷின், கரித் தட்டுகள், தாள் மலை, நடுவில் தொப்பி போட்ட நான். பின்னால் மாப்பிள்ளை, எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாத முகத்தோடு.

"ஏம்மா, அங்க போதகர் வந்து உக்காந்திருக்காரு. அந்தச் சோலி பெருசா, இந்தச் சோலி பெருசா?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க அத்தை" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம். "நான் செய்யாத தப்பை என் பேர்ல எழுதியிருக்கு. சரின்னு தலையாட்டிட்டு இன்னிக்கு வந்தேன்னா, நாளைக்கு உங்க வீட்லயும் எல்லாத்துக்கும் தலையாட்டிட்டுத்தான் நிப்பேன்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் பண்ணினார் என்றுதான் நினைக்கிறேன். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு முத்துச்சாமியின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"சரி. எவுக செஞ்சாகன்னு பாத்துட்டே போவோம்."

அடுத்துச் செய்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் டூட்டி சார்ட் புரோகிராமைத் தொடவே இல்லை. தனியாக ஐந்து வரியில் ஒரு குட்டிப் புரோகிராம் எழுதினேன். மூன்றாவது வரியில் வேண்டுமென்றே ஒரு தப்பு வைத்தேன்: பத்துப் பெட்டி உள்ள அட்டவணையில், எங்கோ கண்காணாத பெட்டியில் ஓர் எண்ணைக் கொண்டுபோய் வை என்று. ஓட்டினேன். நினைத்தபடி விழுந்தது. எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியும், ஆகவே 'எங்கே'யிடம் கேட்டேன். ஒரு சாட்சியை நம்பலாமா என்று பார்க்க, உங்களுக்கு ஏற்கெனவே பதில் தெரிந்த ஒன்றை அவனிடம் கேட்பதைவிட நல்ல வழி இல்லை.

நாலாவது வரி என்றது.

சீஃப் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "இன்னொரு தடவ" என்றார். இன்னொரு தடவையும் நாலு. இப்போது அவரே குனிந்து அந்தத் தப்பை மாற்றிப் பார்த்தார். கண்காணாத பெட்டியில் வைப்பதற்குப் பதிலாக, அதிலிருந்து எடுக்கச் சொன்னார். அதற்கு மட்டும் 'எங்கே' சரியாக மூன்று என்றது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

விஷயம் இதுதான். எங்கள் மிஷின் விழும்போது அச்சடிக்கிற முகவரி, அது தடுக்கிய இடமல்ல. அடுத்து கால் வைக்க நினைத்த இடம். ஒரு வரியின் பாதியில் தடுக்கினால் அடுத்த காலும் அதே வரிக்குள்தான் இருக்கும், பதில் சரியாக வரும். எடுக்கப் போய் விழுந்தால் அப்படி. ஆனால் ஒன்றைக் கொண்டுபோய் வைப்பது வரியின் கடைசி வேலை. அதில் தடுக்கினால் அடுத்த கால் அடுத்த வரியில் இருக்கும். பழி அங்கே குடியிருக்கிற அப்பாவி மேல் விழும். பெரும்பாலும் உண்மை சொல்கிற கருவி அது, அதனால்தான் அத்தனை நாள் யாரும் சந்தேகப்படவில்லை. எப்போதும் பொய் சொல்கிறவனை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடலாம். பத்துக்கு ஒன்பது உண்மை சொல்கிறவனிடம்தான் நாம் ஏமாறுவோம்.

"அப்படின்னா என் வரிக்கு மேல் வரியைப் பாருங்க சார்" என்றேன்.

மேல் வரி, இந்த பஸ்ஸின் பெட்டியில் இந்த டிரைவர் பெயரை வை என்கிற வரி. ஓரத்தில் சீஃபின் இனிஷியல்.

அத்தைதான் கேட்டார்கள்: "யாருன்னு தெரிஞ்சிருச்சா?"

"தெரிஞ்சிருச்சுங்கம்மா" என்றார் சீஃப். "அடியேன்தான்."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், அப்படியொரு சிரிப்பை நான் கேட்டதில்லை. முத்துச்சாமி சிரித்தான், நான் சிரித்தேன், ஒன்றும் புரியாமல் மாப்பிள்ளையும் சிரித்தார். ஆறு மாதம் முழுக்க யார் யார் பஜ்ஜியை யார் யார் தின்றோமோ என்று முத்துச்சாமி தலையில் கை வைத்துக்கொண்டான்.

அதன்பிறகு வேலை லேசு. தைப்பூசத்துக்காகப் புதிதாக வாங்கிய பஸ்ஸுக்கு டிப்போவில் இன்னும் வரிசை எண் கொடுக்கவில்லை. யாரோ அந்த இடத்தில் நம்பர் பிளேட் எண்ணை அப்படியே போட்டு அனுப்பியிருக்கிறார்கள். நாற்பது பெட்டி உள்ள அட்டவணையில் ஆயிரக்கணக்கில் தள்ளி இருக்கும் பெட்டியைத் தேடிப் போய் மிஷின் விழுந்திருக்கிறது. எண்ணைத் திருத்தினோம், இனி அப்படி எண் வந்தால் உள்ளே விடாமல் கேள்வி கேட்கும்படி சீஃப் தன் வரிக்கு முன்னால் ஒரு காவல் வரி போட்டார். சார்ட் கடகடவென்று அச்சாகி வந்தது. முத்துச்சாமி அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான். பஸ் நகர்ந்துகொண்டிருந்ததாம். கண்டக்டர் கையை நீட்டி வாங்கிக்கொண்டாராம்.

நான் தொப்பியைக் கழற்றிக் கிளம்பும்போது சீஃப் கேட்டார்: "எஸ்தர், நிச்சயதார்த்தத்துக்கு என்ன பரிசு வேணும், சொல்லு."

"அந்தக் கருவியில இருந்து பேரை எடுத்துருங்க சார். ஃபைல் சொல்லட்டும், வரி சொல்லட்டும். யாருன்னு அது சொல்ல வேண்டாம்."

"பஜ்ஜி?"

"முறை வச்சு வாங்குவோம்."

அவர் கையோடு உட்கார்ந்து எடுத்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே, காட்டுகிற வரிக்கு மேல் வரியையும் சேர்த்துக் காட்டும்படி செய்துவிட்டு வந்தார். திங்கட்கிழமையிலிருந்து நடந்த மாற்றத்தை என்னால் மறக்க முடியாது. புரோகிராம் விழுந்தால் ஒருவர் நெளிய இரண்டு பேர் சாய்ந்து உட்காருவது போய், மூன்று தலைகளும் ஒரே தாளின் மேல் குனிந்தன. பெயர் இருந்தபோது பாதி நேரம் தப்பித்துக்கொள்வதிலேயே போயிருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. பிள்ளைகளே, விழுந்த இடத்தைத் தேடுங்கள். ஆளைத் தேடாதீர்கள். ஆள் தானாகவே வந்து "அடியேன்தான்" என்பார், அதற்கு நீங்கள் அவருக்கு இடம் கொடுக்க வேண்டும்.

நிச்சயதார்த்தம் தாமதமாகத்தான் ஆரம்பித்தது. போதகருக்கு இரண்டாவது காப்பியும் கொடுத்தாகிவிட்டது. புடவை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். முழங்கையில் கரி இருந்ததை யாரும் சொல்லவில்லை. போதகர் ஜெபம் செய்து, இரு வீட்டாரிடமும் சம்மதம் கேட்டார். அப்பா சம்மதம் என்றார். அடுத்து மாப்பிள்ளை வீட்டில் மாமா வாயைத் திறப்பதற்குள் அத்தை எழுந்து நின்றார்கள்.

"சம்மதந்தான். ஒண்ணு சொல்லிக்கிறேன். எங்க வீட்ல பால் பொங்கி வழிஞ்சா, அடுப்படியில இருந்து கடைசியா வெளிய வந்தது யாருன்னு பாத்து அவளைத்தான் வைவோம். பாலை வச்சுட்டு மறந்து போனது யாருன்னு இதுவரைக்கும் நான் கேட்டதே இல்ல. பாதி நாளு அது நானாத்தான் இருந்திருப்பேன்."

கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். சுவரோரமாகக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்த வீட்டு மூத்த மருமகள் உட்கார்ந்திருந்தார்கள். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர்கள். அவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. குழந்தையைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு எழுந்து வந்து, எல்லார் முன்னாலும் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.